இருபது கம்பி

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அதை நானே ஒத்துக்கொள்கிறேன். பைண்டிங்குக்குப் புத்தகம் கொண்டுவருகிறவர்களிடம் புத்தகத்தைப் பற்றி மட்டுமல்ல, அவர்கள் போட்டிருக்கும் செருப்பைப் பற்றியும் நாலு வார்த்தை சொல்லித்தான் அனுப்புவேன். அப்பேர்ப்பட்ட நான், கடைக்கு மேல் மாடியில் இருக்கும் ரேடியோக்காரர் வீட்டு வேலை அறைக்குள் போனால் மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு நிற்பேன். என் பெண்டாட்டி இதை இன்றுவரை நம்பவில்லை. அப்படியென்றால் உன்னை அங்கேயே குடிவைத்துவிடலாமா என்று ஒருநாள் கேட்டாள்.

அது அந்த அறையின் சட்டம். ரேடியோக்காரர் கை வேலையில் இருக்கும்போது, அவராகக் கேட்டால் ஒழிய, யாரும் பேசக் கூடாது. அவருக்குக் கண் தெரியாது. பிறவியிலேயே அல்ல. இருபத்துமூன்று வயதுவரை நன்றாகப் பார்த்தவர், ரேடியோவும் டேப் ரெக்கார்டரும் ரிப்பேர் செய்து பிழைத்தவர். ஒரு காய்ச்சலில் பார்வை போனது. போன மறுநாளிலிருந்து சொந்தபந்தம் அத்தனையும் சுற்றி நின்றுகொண்டு, இடது பக்கம், வலது பக்கம், படி இருக்கு, பார்த்து பார்த்து என்று கத்த ஆரம்பித்ததாம். சாப்பாட்டுத் தட்டில் கை வைத்தால்கூட, குழம்பு அந்தப் பக்கம் என்று மூன்று பேர் சொல்வார்களாம். கண் போனதைத் தாங்கிக்கொண்டேன், அந்தச் சத்தத்தைத்தான் தாங்க முடியவில்லை என்பார்.

அவர் மனைவியை நான் அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். அண்ணியைக் கட்டிக்கொண்டபோது அவர் கேட்டது இது ஒன்றைத்தான். நகையும் கேட்கவில்லை, நட்டும் கேட்கவில்லை. என் கை வேலையில் இருக்கும்போது நீ பேசாதே. பதினாறு வருஷமாக அண்ணி அந்த வாக்கைக் காப்பாற்றி வந்தார். அவர் கை கொதிக்கிற டீ டம்ளரை நோக்கிப் போகும், அண்ணி உதட்டைக் கடித்துக்கொண்டு நிற்பார். என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். அந்த மனுஷர் கை வேலையில் இல்லாத நேரம் என்று ஒன்று கிடையவும் கிடையாது. அதனால் வீட்டுக்கு வந்துபோகிறவர்களில் பாதிப் பேர் அண்ணிக்குப் பேச வராது என்றே நினைத்துக்கொண்டிருந்தார்கள். அடுப்படியில் என் பெண்டாட்டியோடு உட்கார்ந்தால் அண்ணி என்ன பேச்சு பேசுவார் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

ரேடியோக்காரரும் அண்ணியும் செய்வது பார்வையில்லாதவர்களுக்கான புத்தகம். தடித்த தாளில் புள்ளி புள்ளியாக எழும்பி நிற்கும் எழுத்து, விரலால் தடவிப் படிப்பது. அண்ணி மூலப் புத்தகத்தைப் பார்த்து வரி வரியாக டைப் செய்வார். கம்ப்யூட்டர் அதைப் புள்ளியாக மாற்றிப் பக்கத்தில் இருக்கும் அச்சு மெஷினுக்கு அனுப்பும். அந்த மெஷின் ஓடினால் கீழே என் கடையில் பசை டப்பா நடுங்கும். வெளியே வரும் தாளை ரேடியோக்காரர் விரலால் படித்துப் பிழையைக் குறித்து வைப்பார். அண்ணி மூலத்தையும் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு வார்த்தையாக ஒப்பிட்டு இன்னொரு முறை பார்ப்பார். அதற்குப் பிறகு கட்டு என்னிடம் வரும். நான் ஓட்டை போட்டுச் சுருள் கம்பி கோப்பேன்.

முதல்முதலில் வந்த புத்தகத்தை நான் என்ன செய்தேன் தெரியுமா? எல்லாப் புத்தகத்தையும்போல அழுத்துப் பலகையில் கொடுத்து, திருகை இறுக்கி, ஒரு நாள் முழுக்க வைத்தேன். தாள் சமமாக உட்கார வேண்டுமே. சரித்திரப் புத்தகம், நூற்றெண்பது பக்கம். திறந்து பார்த்தால் புள்ளி அத்தனையும் அமுங்கி, தாள் என் வழுக்கையைப்போல மழமழவென்று இருந்தது. ரேடியோக்காரர் நாலு பக்கம் தடவிப் பார்த்தார். "பைண்டரே, ராஜா எல்லாரும் படுத்துட்டாங்க" என்றார். அவ்வளவுதான். வேறு ஒரு வார்த்தை திட்டவில்லை, நூற்றெண்பது பக்கத்தையும் மறுபடி அடித்தார்கள். அன்றைக்கே அந்தக் குடும்பத்தை எனக்குப் பிடித்துப்போயிற்று.

இனி விஷயத்துக்கு வருகிறேன். மழை ஒரு வாரமாக விடாமல் பெய்துகொண்டிருந்தது. சுவரெல்லாம் ஈரம் ஏறி, தாள் நமத்துப்போய், அண்ணி தாள் கட்டுகளை எல்லாம் மேசை விளக்குக்குப் பக்கத்தில் அடுக்கிக் காயவைத்துக்கொண்டிருந்தார். கரண்ட் வருவதும் போவதுமாக இருந்தது. வியாழக்கிழமை காலை ஒன்பது மணி இருக்கும். கரண்ட் கண் சிமிட்டுகிற நேரம் போய்த் திரும்பி வந்தபோது என் கடைக் குழல்விளக்கு பளிச்சென்று ஒரு வெட்டு வெட்டியது. அதே நேரம் மாடியில் டப் என்று ஒரு சத்தம். ஓடிக்கொண்டிருந்த அச்சு மெஷின் பாதி வரியில் நின்றுவிட்டது.

நான் பசைக் கையோடு மேலே ஓடினேன். அறையில் கருகிய வாடை. கம்ப்யூட்டர் செத்துக் கிடந்தது. ரேடியோக்காரர் பிளக்கை உருவிவிட்டு, பெட்டிக்குப் பின்பக்கம் மூக்கைக் கொண்டுபோய் முகர்ந்துகொண்டிருந்தார். பவர் சப்ளை போய்விட்டது என்றார். சுவரில் வரும் பெரிய கரண்டை வாங்கி, உள்ளே இருக்கும் சாமான்களுக்கு ஏற்றபடி சின்னச் சின்னதாகப் பிரித்துக் கொடுக்கும் இரும்புப் பெட்டி அது என்று எனக்கு விளக்கினார்.

அண்ணி சுவரோரம் போய் உட்கார்ந்துவிட்டார். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியும். மெஷினில் பாதியில் நிற்பது வக்கீலம்மாவின் புத்தகம்.

வக்கீலம்மா இன்னும் வக்கீல் ஆகவில்லை. தண்ணீர் லாரி ஓட்டுகிறவரின் மகள், பிறவியிலேயே பார்வை இல்லாத பெண், சட்டம் படிக்கிறாள். நாங்கள் வைத்த பெயர் அது. எல்லாப் பாடமும் பாஸ். ஒன்றே ஒன்று பாக்கி. போன வருஷம் அந்தப் பாடத்துக்கு மட்டும் புத்தகத்தை வேறொரு இடத்தில் அடிக்கக் கொடுத்து, பரீட்சை முடிந்த நாலாம் நாள் கைக்கு வந்தது. யாரோ படித்துக் காட்டியதைக் காதில் வாங்கிப் போய் எழுதி, ஆறு மார்க்கில் போனது. சட்டப் பிரிவு என்பது கதை கேட்பதுபோல ஒருமுறை கேட்டால் நிற்கிற சமாச்சாரமா? திரும்பத் திரும்பத் தடவிப் படிக்க வேண்டும். இந்த வருஷம் சட்டமே மாறி, பாடப் புத்தகமும் புதிதாகிவிட்டது, பழையது உதவாது. இந்த முறை பரீட்சை திங்கட்கிழமை. ஒரு பெரிய வக்கீல் அவளுக்காகத் தன் ஆபீஸில் ஒரு நாற்காலியைக் காலியாக வைத்திருந்தார். இந்த வருஷமும் போனால் அது வேறு ஆளுக்குப் போய்விடும். நாலு பாகத்தில் மூன்று அவள் கைக்குப் போய்விட்டது. நாலாவதில் அறுபத்திரண்டு பக்கம் பாக்கி. பரீட்சையில் பாதிக் கேள்வி அதிலிருந்துதான் வரும்.

வேறு கம்ப்யூட்டரில் மாட்டினால் என்ன என்று கேட்டேன். வேலை இன்னும் ஆரம்பிக்கவில்லை, அதனால் கேட்கலாம். அந்த அச்சு மெஷின் பழையது, அதன் அகலமான வயர் நுழைகிற வாய் இப்போது வருகிற எதிலும் இல்லை, தமிழைப் புள்ளியாக மாற்றுகிற புரோகிராமும் இந்தப் பெட்டியில் மட்டும்தான் ஓடும் என்றார் ரேடியோக்காரர். பதிமூன்று வருஷத்துக்கு முன் ஒருவர் உட்கார்ந்து எழுதிக் கொடுத்தது. அவர் இப்போது எங்கே இருக்கிறார் என்று யாருக்கும் தெரியாது.

"பவர் சப்ளையை மாத்திக்கலாம் பைண்டரே. உள்ள இருக்கிற மதர்போர்டு போச்சுன்னாதான் கதை முடிஞ்சுது. அப்புறம் இந்த மெஷினு வெறும் இரும்பு."

உள்ளே மிச்சக் கரண்ட் உட்கார்ந்திருக்கும், ஒரு டீ குடித்துவிட்டுத்தான் தொட வேண்டும் என்றார். பதறாத காரியம் சிதறாது என்பார்கள், அதற்கு அவரைத்தான் காட்ட வேண்டும். மூவரும் டீயும் ரொட்டியும் சாப்பிட்டோம். அவர் பாட்டுக்கு இரண்டாவது ரொட்டி கேட்டு வாங்கித் தின்றார்.

அதற்குப் பிறகு அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். பக்கத்து மூடியைக் கழற்றினார். முட்டை அட்டை ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு, கழற்றும் ஒவ்வொரு திருகாணியையும் குழிக்கு ஒன்றாகப் போட்டார். எந்தக் குழியில் எது என்று மனதில் இருக்கிறது. பவர் சப்ளையிலிருந்து கிளம்பும் கம்பிக் கொத்து எங்கெங்கே போகிறது என்று விரலாலேயே பின்தொடர்ந்து போய், ஒவ்வொரு பிளக்காக உருவினார். கடைசியாக இருந்தது பெரிய பிளக். மதர்போர்டுக்குப் போவது. இரண்டு வரிசையில் பத்துப் பத்தாக இருபது கம்பி. அதன் பக்கவாட்டுக் கொக்கியை நகத்தால் தூக்கி, மெள்ள ஆட்டி எடுத்தார். நமக்குக் கண் இருந்தும் பல்பு மாற்ற எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுகிறோம்.

புதிதாக ஒன்று வாங்கிவருவது என் பொறுப்பு. பழையதைத் தூக்கிப்போனால் மழையில் நனையும், இங்கே வைத்துப் பார்க்கவும் வேண்டியிருக்கும் என்றார். அதற்குத்தான் பைண்டர் இருக்கிறேனே! அட்டையை எடுத்து, பெட்டியின் அளவுக்கு வெட்டி, நாலு திருகாணி ஓட்டையும் அதே இடத்தில் குத்தினேன். பிளக்கின் முகத்தை இன்னொரு அட்டைத் துண்டில் அழுத்தி அச்சு எடுத்தேன். ரேடியோக்காரர் அதைத் தடவிப் பார்த்து, பிரமாதம் என்றார். எனக்கு உச்சி குளிர்ந்தது.

பழைய கம்ப்யூட்டர் சாமான் விற்கிற கடை பஸ்ஸில் முக்கால் மணி நேரம். ரோட்டில் முழங்கால் தண்ணீர். அட்டையை பிளாஸ்டிக் பையில் சுற்றி சட்டைக்குள் வைத்துக்கொண்டு போனேன். கடைக்காரர் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்துவைத்துக்கொண்டு, கையை நக்கியபடியே மூன்று பெட்டியை எடுத்துப் போட்டார். ஒன்றில் ஓட்டை சரியாக இல்லை, ஒன்று நீளம். மூன்றாவது அச்சு அசலாகப் பொருந்தியது. பிளக்கும் அட்டையில் இருந்த தடத்தில் கச்சிதமாக உட்கார்ந்தது. வேறு ஏதாவது பார்க்க வேண்டுமா என்று கேட்டேன். பிளக் உள்ளே போனால் அதுதான், இதில் பார்க்க என்ன இருக்கிறது என்றார் கடைக்காரர். அவர் சொன்னதை நானும் மண்டையை ஆட்டிக் கேட்டுக்கொண்டேன். அவருக்கு இரண்டு கண், எனக்கு இரண்டு கண், மொத்தம் நாலு.

திரும்பி வரும்போது மணி இரண்டு. ரேடியோக்காரர் சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை. பெட்டியை வாங்கிய கையோடு வேலையில் இறங்கினார். சட்டம் அமலுக்கு வந்தது. நான் கதவோரம் ஈரத் துணியோடு நின்றேன். அண்ணி ஜன்னலோரம் நின்றார்.

முதலில் புதுப் பெட்டியைத் தனியாகவே சோதித்துப் பார்த்தார். பிளக்கில் ஓட்டைகளை விரலால் எண்ணி, சின்னக் கம்பித் துண்டு ஒன்றை வளைத்து இரண்டு ஓட்டையில் செருகினார். சுவிட்சைப் போட்டதும் உள்ளே இருக்கும் விசிறி விர்ரென்று சுற்றியது. அதன் முன்னால் உள்ளங்கையைப் பிடித்துக் காற்றை வாங்கிக்கொண்டு சிரித்தார். பிறகு சுவிட்சை அணைத்து, பெட்டியை இடத்தில் உட்காரவைத்து, முட்டை அட்டையிலிருந்து நாலு திருகாணியை எடுத்து முடுக்கினார். பிளக்குகளை ஒவ்வொன்றாகச் செருகினார். கடைசியில் அந்த இருபது கம்பிப் பிளக். கொக்கி டிக்கென்று விழுந்தது. அதைக் கேட்டதும் எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அப்போதுதான் அண்ணியைப் பார்த்தேன். பழைய பவர் சப்ளையைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துக்கொண்டிருந்தார். பழைய பிளக்கைப் பார்க்கிறார், திறந்திருக்கும் கம்ப்யூட்டருக்குள் புதுப் பிளக்கைப் பார்க்கிறார், மறுபடி பழையதைப் பார்க்கிறார். உதடு அசைகிறது. சாமி கும்பிடுகிறார் என்று நினைத்தேன், நம் புத்தி அவ்வளவுதான். ரேடியோக்காரர் எழுந்து, சுவரைத் தடவி, சுவிட்சின் மேல் விரலை வைத்தார்.

"நில்லுங்க. போடாதீங்க."

சின்னக் குரல்தான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த அறையில் அந்தக் குரலை நான் கேட்டதே இல்லை. ரேடியோக்காரர் விரலை எடுக்கவில்லை, திரும்பவும் இல்லை.

"என்ன?"

"பழைய பிளக்குல மேல் வரிசையில மொதக் கம்பி சிவப்பு. புதுசுல அது ஆரஞ்சு. ரெண்டாவதும் வேற."

"பிளக் சரியா உக்காந்திருக்கு. கொக்கி விழுந்துது. என் விரலுக்குத் தெரியும்."

"விரலுக்குக் கலர் தெரியாதுங்க."

சொல்லிவிட்டு அண்ணி வாயைப் பொத்திக்கொண்டார். ரேடியோக்காரர் முகம் செத்துப்போயிற்று. பதினாறு வருஷத்தில் அவர் யாரிடமிருந்து இந்த வார்த்தையைக் கேட்கக் கூடாது என்று நினைத்தாரோ, அவரிடமிருந்தே வந்துவிட்டது. கையைச் சுவிட்சிலிருந்து எடுத்தார். என்னைத் தாண்டிப்போய், வெளியே மாடிப்படி முகப்பில் நின்றார். சாரல் சட்டையை நனைத்தது. கூப்பிடலாமா என்று வாயைத் திறந்தேன். அண்ணி வேண்டாமென்று கையைக் காட்டினார். பழைய பெட்டியை இன்னும் கீழே வைக்கவில்லை.

எனக்கு ஒரு பக்கம் கோபம், ஒரு பக்கம் அழுகை. மூன்று நாலு நிமிஷம்தான் ஆகியிருக்கும், அரை நாள் நின்றதுபோல இருந்தது. பிறகு உள்ளே வந்தார். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். புதுப் பிளக்கை மறுபடி உருவி வெளியே எடுத்தார். தரையில் உட்கார்ந்து, புள்ளி எழுத்தைக் கையால் குத்துகிற சட்டத்தையும் ஊசியையும் எடுத்து, தாளைப் பொருத்திக்கொண்டார்.

"வந்து உக்காரு. மொதக் கம்பியிலேருந்து சொல்லு. பழசு முழுக்க மொதல்ல, அப்புறம் புதுசு."

அண்ணி உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தார். சிவப்பு, கருப்பு, சிவப்பு, கருப்பு என்று போனது. ஒவ்வொரு நிறத்துக்கும் ஊசி டக் டக்கென்று குத்தியது. இருபது முடிந்து, மறுபடி இருபது. கண்ணிருந்த காலத்தில் பழகிய தொழில், எந்த நிறம் எதைச் சொல்லும் என்று அவருக்குத் தெரியும். கருப்பு சும்மா இருப்பது, சிவப்பில் ஐந்து வோல்ட், மஞ்சளில் பன்னிரண்டு, ஆரஞ்சில் மூன்று சொச்சம். தாளைத் திருப்பி, இடது கையைப் பழைய பட்டியல் மேலும் வலது கையைப் புதியதின் மேலும் வைத்து, இரண்டு கையையும் ஒன்றாகக் கீழே நகர்த்திக்கொண்டே வந்தார். இரண்டும் ஒத்துப்போகாத வரியில் இரண்டு விரலும் நின்றன. நான் எண்ணினேன். ஒன்பது தடவை நின்றன.

கம்ப்யூட்டர் செய்த கம்பெனி, பிளக்கை ஊரில் இருக்கும் எல்லாப் பிளக்கையும்போலவே வைத்துவிட்டு, உள்ளே கம்பியை மட்டும் தன் இஷ்டத்துக்கு மாற்றிக் கோத்திருக்கிறது. ரிப்பேருக்குத் தன்னிடமே வரட்டும் என்கிற கெட்டிக்காரத்தனம்தான், வேறென்ன? அவர் அமைதியாகத்தான் இதை எனக்குச் சொன்னார். எனக்குப் பொறுக்கவில்லை. போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டுவிட்டேன்.

"மதர்போர்டு பொகைஞ்சிருக்கும். நானே என் கையால கொளுத்தியிருப்பேன்."

ஆனைக்கும் அடி சறுக்கும் என்பது சரிதான். ஆனால் இவர் சறுக்கியது அவசரத்தினால் அல்ல, அலட்சியத்தினாலும் அல்ல. உருவம் சரியாக இருந்தால் எல்லாம் சரி என்பது விரலால் வாழ்கிறவர்கள் செய்துவிடக்கூடிய தப்பு. நானும் கடைக்காரரும் கண்ணை வைத்துக்கொண்டு அதே தப்பைச் செய்தோமே, எங்களை என்னவென்று சொல்வது?

பிளக்கின் கம்பிகளை இடம் மாற்ற வேண்டும். ஒவ்வொரு கம்பியின் முனையிலும் சின்ன உலோக முள் இருக்கிறது. அதன் இரண்டு பக்கச் சிறகையும் ஒரே நேரத்தில் அமுக்கினால்தான் கம்பி பின்பக்கமாக வெளியே வரும். கீழே ஓடிப்போய் என் தையல் ஊசியில் மெல்லியதாக இரண்டு கொண்டுவந்தேன். அவர் அவற்றை ஒரு குச்சியில் சேர்த்துக் கட்டி, முன்பக்கமாகச் செருகி, பின்பக்கம் இழுத்தார். முதல் கம்பி வரவே கால் மணி நேரம் ஆயிற்று. விரல் நுனியில் ரத்தம். சட்டையில் துடைத்துவிட்டு அடுத்ததற்குப் போனார்.

அண்ணி நிறத்தைச் சொல்லிக்கொண்டே வந்தார். இதுதான் சிவப்பு. இதை மேல் வரிசையில் முதல் ஓட்டை. ஆரம்பத்தில் குரல் தரையைப் பார்த்துக்கொண்டு பேசியது. நாலாவது கம்பியில் கொஞ்சம் நிமிர்ந்தது. ஆறாவதில், அது இல்லை, அதற்கு அடுத்தது என்றார். ரேடியோக்காரர் தாடை இறுகியது. ஒரு நொடி கை நின்றது. பிறகு அடுத்த ஓட்டைக்கு நகர்ந்தது. எட்டாவதில் அண்ணி, "அவசரப்படாதீங்க, இன்னும் உள்ள போகல" என்று அதட்டினார். கதவோரம் நின்ற எனக்கு அழுகை வந்துவிட்டது. சொன்னால் என்ன, வந்தது.

மணி ஐந்தாயிற்று. ஒவ்வொரு கம்பியையும் அவர் இழுத்துப் பார்த்தார், ஒவ்வொரு நிறத்தையும் அண்ணி பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்தார். பிறகு பெட்டியைத் தனியாக ஓடவிட்டு, அவர் மீட்டர் முள்ளை ஓட்டை ஓட்டையாக வைக்க, அண்ணி மீட்டரில் வந்த எண்ணைப் படித்தார். ஐந்து, ஐந்து, பன்னிரண்டு. எல்லாம் சரி. பிளக்கைச் செருகினார்கள். கொக்கி விழுந்தது. இந்த முறை அந்தச் சத்தத்தைக் கேட்டு எனக்கு ஒரு நிம்மதியும் வரவில்லை. ரேடியோக்காரர் சுவிட்சுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, போடட்டுமா என்று கேட்டார். அந்த மனுஷர் ஒருவரிடம் இப்படி அனுமதி கேட்டு நான் பார்த்ததில்லை. போடுங்க என்றார் அண்ணி.

விசிறி சுற்றியது. உள்ளே ஏதோ கரகரத்தது. ஒரே ஒரு பீப். ரேடியோக்காரர் அப்படியே சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். திரையில் எழுத்து வந்துவிட்டது என்று அண்ணி சத்தமாகச் சொன்னார். பாதியில் நின்ற பக்கத்தை முதல் வரியிலிருந்து மெஷின் மறுபடி அடிக்க ஆரம்பித்தது. கீழே என் கடையில் பசை டப்பா நடுங்கியிருக்கும். அன்றைக்கு அவர்கள் வீட்டில்தான் சாப்பிட்டேன். சோறும் முட்டையும். அவ்வளவு ருசியாக நான் எங்கேயும் சாப்பிட்டதில்லை.

வெள்ளிக்கிழமை முழுக்க மெஷின் ஓடியது. சனிக்கிழமை காலை கட்டு என் கைக்கு வந்தது, பதினொரு மணிக்குச் சுருள் கம்பி கோத்து முடித்துவிட்டேன். இதற்கு நடுவில் ஒரு காரியமும் செய்துவிட்டேன். சொன்னேனே, வாய் நீளம் என்று. டீக்கடையில் நின்று, கண்ணில்லாத மனுஷர் தன்னந்தனியாகக் கம்ப்யூட்டருக்குப் பவர் சப்ளை மாற்றிவிட்டார் என்று கதை அளந்துவிட்டேன். அப்படிச் சொன்னால்தானே கேட்கிறவர்கள் வாயைப் பிளக்கிறார்கள். அண்ணி கதையில் வரவேயில்லை. வேண்டுமென்று விடவில்லை, சொல்கிற வேகத்தில் விட்டுப்போயிற்று. இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

வக்கீலம்மா அப்பாவோடு வந்தபோது, தெருவில் ஏழெட்டுப் பேர் கூடவே மாடி ஏறி வந்துவிட்டார்கள். ரேடியோக்காரர் வேறொரு புத்தகத்துத் தாளை மடியில் வைத்துப் படித்துக்கொண்டிருந்தார். லாரிக்காரர் அவர் முன்னால் கையைக் கூப்பிக்கொண்டு நின்றார். கண்ணில்லை என்று யார் சொன்னது, கையிலேயே கண் வைத்திருக்கிறாரே என்று ஒருவர் சொன்னார். ஆளாளுக்குப் புகழ்ந்தார்கள். அண்ணி அடுப்படி வாசலில் டீ டம்ளர்களோடு நின்றார். முகத்தில் ஒரு வருத்தமும் இல்லை. அதுதான் என்னைக் குத்தியது.

ரேடியோக்காரர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"நான் சரி பண்ணலைங்க. நான் எரிக்கத்தான் போனேன். சுவிட்சுல கை வச்சாச்சு. இவதான் பாத்து நிறுத்துனா. இருபது கம்பியில ஒம்பது தப்பு. அத்தனையும் இவ சொல்லிச் சொல்லித்தான் மாத்துனேன்." அடுப்படிப் பக்கம் தலையைத் திருப்பினார். "பதினாறு வருஷமா இவளப் பேசவிடாம வச்சிருந்தேன். என்னென்ன கெட்டுப்போச்சோ, யாருக்குத் தெரியும்."

என் காது மடல் சூடேறியது.

வக்கீலம்மா நாலாம் பாகத்தை மடியில் திறந்து வைத்திருந்தாள். விரல் முதல் பக்கத்தில் இரண்டு வரி ஓடி நின்றது. தலையை நிமிர்த்தி, அண்ணி எந்தப் பக்கம் இருக்கிறார் என்று தெரியாமல் பொதுவாகக் கேட்டாள்.

"அக்கா, டைப் பண்றது நீங்கதானே? மூணு வருஷமா உங்க எழுத்தத்தான் படிச்சிக்கிட்டிருக்கேன். உங்க குரல ஒரு தடவகூட கேட்டதில்லையே."

அண்ணி ரேடியோக்காரரைப் பார்த்தார். அவர் விரல் மடியிலிருந்த தாளின் மேல் வரி வரியாக ஓடிக்கொண்டுதான் இருந்தது, நிற்கவில்லை. அண்ணி டம்ளர்களை என் கையில் திணித்துவிட்டு, அந்தப் பெண்ணுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து பேச ஆரம்பித்தார்.